அளந்த பிறகும் மிஞ்சுவது

(ஒரு திரைப்படச் சங்கத்தின் ஆவணப்பட மாலையில், திரையிடலுக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சற்று நேரத்தில் ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக்கின் ‘கேவ் ஆஃப் ஃபர்காட்டன் ட்ரீம்ஸ்’ படத்தைப் பார்க்கப் போகிறோம். மறந்துபோன கனவுகளின் குகை. 2010இல் வெளிவந்த ஆவணப்படம். ஒன்றரை மணி நேரம் ஓடும். தென் பிரான்சில் ஆர்தேஷ் ஆற்றங்கரையிலிருக்கும் ஷோவே குகைக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது.

படத்துக்கு முன்னால் பேச வருகிறவனுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. அதிகம் சொன்னால் படத்தின் ருசி கெடும். சொல்லாமல் விட்டால் சில நுட்பங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் எங்கே கவனிக்க வேண்டும், எதை நம்பலாம், எதைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் சொல்ல வந்த கருத்தையும் முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஒரு பொருளைப் பற்றி விவரம் தெரிந்துவிட்டால் வியப்பு போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தக் குகையில் நடந்திருப்பது வேறு. முப்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் அதை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டிருக்கிறார்கள். அளக்க அளக்க வியப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அளந்து முடித்த பிறகும் எது மிஞ்சுகிறதோ, அதைப் பற்றித்தான் இந்தப் படம்.

குகை கிடைத்த கதையை முதலில் சொல்கிறேன். 1994 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. ஷான்-மாரி ஷோவே, எலியேத் புருனெல், கிறிஸ்தியான் இலேர் என்ற மூன்று நண்பர்கள் ஆர்தேஷ் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைச் சரிவில் தேடிக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் குகை தேடுவதில் நீண்ட அனுபவம். கற்குவியல் ஒன்றின் இடுக்கிலிருந்து மெல்லிய காற்று வந்தது. காற்று வந்தால் உள்ளே பெரிய வெளி இருக்கிறது என்பது குகை தேடுபவர்களின் பாலபாடம். கற்களைப் பெயர்த்து, ஆள் நுழையும் அளவுக்கு வழி செய்து, ஏணி போட்டு இறங்கினார்கள். உள்ளே தரையெங்கும் கரடி எலும்புகள். விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பியபோது, பாறையில் காவி நிறத்தில் ஒரு சின்ன மாமூத் தெரிந்தது. பனியுகத்தில் வாழ்ந்து அழிந்த கம்பளி யானை அது. அதைக் கண்டதும் எலியேத் புருனெல் கத்திவிட்டாராம்.

அதன்பின் அந்த மூவரும் செய்ததுதான் பெரிய காரியம். ஓடி ஓடிப் பார்க்கவில்லை. தரையில் பழங்காலத் தடங்கள் இருக்கும் என்று உணர்ந்து, முன்னே வைத்த அடியிலேயே திரும்பவும் அடி வைத்து நடந்தார்கள். அடுத்த முறை வந்தபோது பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன்மேல் நடந்தார்கள். இன்று நாம் அந்தத் தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால் அந்த நிதானம்தான் காரணம்.

குகை இவ்வளவு புதிதாக இருப்பதற்கு இயற்கையும் ஒரு காரணம். சுமார் 21,500 ஆண்டுகளுக்கு முன் மேலேயிருந்து பாறை சரிந்து குகைவாயை அடைத்துவிட்டது. மனிதர் போகவில்லை, பெரிய விலங்குகள் போகவில்லை, வெளிக்காற்றும் அதிகம் போகவில்லை. கரிக்கோடு நேற்று இழுத்ததுபோல் இருப்பதால், முதலில் பார்த்தவர்களுக்கு இது போலியோ என்ற சந்தேகம் வந்தது. கோடுகளின் மேல் படிந்திருந்த கால்சைட் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்தபிறகே சந்தேகம் தீர்ந்தது.

நாமும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றால், முடியாது. இங்கே லாஸ்கோ குகையின் பாடத்தைச் சொல்ல வேண்டும். 1940இல் தென்மேற்கு பிரான்சில் லாஸ்கோவைக் கண்டுபிடித்தார்கள். 1948இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சும், உடல் சூடும், மின்விளக்கும் சேர்ந்து சுவரில் பாசி பிடித்தது, வெண்படலம் படர்ந்தது. 17,000 ஆண்டுகள் தாங்கிய ஓவியங்கள் பதினைந்து ஆண்டுகளில் ஆட்டம் கண்டன. 1963இல் அப்போதைய கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார். அந்தச் சூட்டை மறக்காத பிரெஞ்சு அரசு, ஷோவேயைக் கண்டுபிடித்த உடனேயே இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும், எண்ணி எடுத்த ஆய்வாளர்கள் உள்ளே போகலாம். 2014இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2015இல் அருகிலேயே ஒரு மாதிரிக் குகை கட்டித் திறந்தார்கள். உண்மையான குகையின் கதவு மட்டும் திறக்கவில்லை.

அந்தக் கதவுக்குள் ஹெர்சாக்கை விட்டார்கள். சும்மா விடவில்லை, நிபந்தனைகளோடு விட்டார்கள். ஒரு யூரோ சம்பளத்துக்கு பிரெஞ்சுக் கலாசார அமைச்சகத்தின் பணியாளராகத் தன்னை அமர்த்திக்கொள்ளச் சொல்லி அவர் அனுமதி வாங்கியதாகச் சொல்வார். உள்ளே படக்குழு நான்கே பேர். இரண்டடி அகலத்துக்கு உலோக நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதை விட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது. சூடு தராத, பேட்டரியில் எரியும் விளக்குகள் மட்டுமே கொண்டுபோகலாம். சுவரைத் தொடக் கூடாது. குகைக்குள் கரியமில வாயுவும் ரேடான் வாயுவும் அதிகம் என்பதால் நீண்ட நேரம் தங்கவும் முடியாது. ஆறு நாள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். அவ்வளவுதான்.

இதைப் படத்தின் குறையாக நினைக்க வேண்டாம். நடைபாதை குறுகலாக இருப்பதால் குழுவினர் ஒதுங்க இடமில்லை. ஒலிப்பதிவாளரும் விளக்குப் பிடிப்பவரும் சட்டகத்துக்குள் வந்துவிடுகிறார்கள். அதை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார் ஹெர்சாக். விளக்கைத் தாங்குகாலில் நிறுத்தாமல் கையில் பிடித்து மெல்ல நகர்த்துகிறார்கள். அதனால் நிழல் நகர்கிறது. நிழல் நகர்வதால் சுவர் அசைவதுபோல் தெரிகிறது. இந்த ஓவியங்களைத் தீட்டியவர்களும் தீப்பந்தத்தின் அசையும் வெளிச்சத்தில்தான் பார்த்தார்கள். அசையாத மின்விளக்கில் எடுத்து நூல்களில் அச்சிட்ட புகைப்படங்கள் தராத ஒன்றை, கட்டுப்பாடு தந்த இந்த எளிய வெளிச்சம் தந்துவிடுகிறது.

படத்தை முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். ஹெர்சாக் அந்த உத்தியின் மேல் மோகம் கொண்டவர் அல்லர். குகையை நேரில் பார்த்த பிறகு வேறு வழியில்லை என்று முடிவு செய்தார். இந்தச் சுவர் சமதளமே இல்லை. புடைப்பும் பள்ளமும் மடிப்புமாக இருக்கிறது. வரைந்தவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பாறை எங்கே புடைக்கிறதோ அங்கே விலங்கின் தோள். எங்கே உள்வாங்குகிறதோ அங்கே இன்னொரு விலங்கு எட்டிப் பார்க்கிறது. இன்று நம் திரையில் இருபரிமாணத்தில்தான் பார்க்கப் போகிறோம். ஆகவே விளக்கு நகரும்போது நிழலைக் கவனியுங்கள். சுவரின் வளைவை நிழல் காட்டிக்கொடுக்கும்.

இனி, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

குகையின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். நானூறுக்கும் அதிகமான விலங்கு உருவங்கள் இருக்கின்றன. வாயிலுக்கு அருகிலுள்ள பகுதியில் பெரும்பாலும் காவிச் சிவப்பு. உள்ளே போகப் போகக் கரியின் கறுப்பு. மற்ற பனியுகக் குகைகளில் குதிரையும் காட்டெருமையும் மானும் மிகுதி; இங்கே அவற்றோடு சிங்கம், காண்டாமிருகம், மாமூத், கரடி என்று வழக்கமாக வேட்டையாடி உண்ணாத, கண்டால் ஓட வேண்டிய விலங்குகளும் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. சாப்பாட்டுக்காக வரைந்தார்கள், வேட்டை வெற்றிக்காக வரைந்தார்கள் என்ற பழைய விளக்கம் இந்தச் சுவருக்கு முன்னால் நிற்பதில்லை.

குதிரைகள் இருக்கும் சுவரைப் பாருங்கள். ஒன்றன் பின் ஒன்றாக நான்கு குதிரைத் தலைகள். வரைவதற்கு முன் சுவரின் மேற்படலத்தைச் சுரண்டி, கீழேயிருக்கும் வெண்மையை வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கரியை விரலால் தேய்த்துச் சாயல் கொடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் உருவத்தின் விளிம்பை மட்டும் செதுக்கி எடுப்பாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரு குதிரையின் வாய் திறந்திருக்கிறது, அது கனைக்கிறது. அதன் கீழே இரண்டு காண்டாமிருகங்கள் கொம்போடு கொம்பு மோதுகின்றன.

ஒரு காட்டெருமைக்கு எட்டுக் கால். ஒரு காண்டாமிருகத்துக்கு அடுத்தடுத்துப் பல கொம்புக் கோடுகள். கை தவறி வந்தவை அல்ல இவை. ஓட்டத்தையும் தலையசைப்பையும் காட்ட இப்படி வரைந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மார்க் அசேமா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பனியுக ஓவியங்களில் அசைவு பற்றியே நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார். ஹெர்சாக்கும் இதைச் சினிமாவின் கருவடிவம் என்கிறார். குகைத் தரையில் எரிந்த நெருப்பின் முன் மனிதர் நின்றால் அவர்களின் நிழல் சுவரில் ஆடியிருக்கும் என்று சொல்லிவிட்டு, ஃப்ரெட் அஸ்டேர் தன் நிழல்களோடு ஆடும் பழைய ஹாலிவுட் காட்சியைச் செருகுகிறார். துணிச்சலான வெட்டு அது. சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்திருக்கிறது.

சிங்கங்களைப் பாருங்கள். பனியுகச் சிங்கத்தின் ஆணுக்குப் பிடரி மயிர் இருந்ததா என்பது நெடுநாள் கேள்வி. எலும்பில் மயிர் தெரியாதே! இங்கே ஆண் என்று தெளிவாகத் தெரியும்படி ஒரு சிங்கத்தை வரைந்திருக்கிறார்கள், பிடரி இல்லை. தொல்லுயிரியலின் கேள்விக்கு ஓர் ஓவியன் பதில் எழுதி வைத்திருக்கிறான். இன்னொரு கூடத்தில் மெத்தென்ற சுவரில் விரலாலேயே கீறிய ஓர் ஆந்தை. உடல் நமக்கு முதுகைக் காட்ட, தலை முழுதும் திரும்பி நம்மைப் பார்க்கிறது. ஆந்தையைப் பொறுமையாகக் கவனித்த கண் அது.

கடைக்கூடத்தில் மேலிருந்து கூம்பாகத் தொங்கும் ஒரு பாறையில், பெண்ணுடலின் கீழ்ப்பகுதியும் அதைத் தழுவினாற்போல் ஒரு காட்டெருமைத் தலையும் உள்ளன. மனித உடலைச் சேர்ந்தது என்று சொல்லத்தக்க உருவம் இந்தக் குகையில் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். நடைபாதையிலிருந்து அதன் மறுபக்கம் தெரியாது. இறங்கவும் கூடாது. படக்குழு ஒரு கோலின் நுனியில் சிறிய கேமராவைக் கட்டி நீட்டிப் பார்க்கிறது. அந்த எட்டாமையையும் சேர்த்தே காட்டியிருக்கிறார் இயக்குநர்.

யார் வரைந்தார்கள்? பெயர் தெரியாது. ஆனால் ஒருவரின் கையை நமக்குத் தெரியும். வாயிலை அடுத்த பகுதியில் காவியில் உள்ளங்கையை ஒற்றி ஒற்றி வைத்த சிவப்புப் புள்ளிகள் ஒரு சுவரில் திரண்டிருக்கின்றன. அவற்றில் சுண்டுவிரல் சற்றுக் கோணலான ஒரு கை. அதே கோணல் விரலின் பதிவு குகையின் உட்பகுதியிலும் கிடைக்கிறது. பதிவுகளின் உயரத்தைக் கொண்டு அந்த ஆள் ஆறடிக்குக் கிட்டத்தட்ட உயரமானவர் என்று படத்தில் சொல்கிறார்கள். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலிருக்கும் ஒரு தனி மனிதரை ஒரு விரலின் கோணலால் அடையாளம் காண முடிகிறது என்பது சாதாரண விஷயமா?

இப்போது எதை நம்பலாம் என்பதற்கு வருகிறேன்.

படத்தில் இந்த ஓவியங்களின் வயது 32,000 ஆண்டு என்று கேட்பீர்கள். இன்று 36,000 என்று எழுதுகிறார்கள். முரண்பாடு இல்லை. கரியிலிருக்கும் கார்பன்-14 எவ்வளவு மிச்சம் என்று பார்த்து வயது கணிக்கிறார்கள். ஆனால் காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் சேர்த்துத் திருத்தினால் வயது கூடுகிறது. 2016இல் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கணிப்புகளை ஒன்றுசேர்த்து ஒரு கால அட்டவணை வெளியிட்டார்கள். அதன்படி மனிதர் இங்கே இரண்டு கட்டங்களில் வந்திருக்கிறார்கள்: 37,000 முதல் 33,500 ஆண்டுகளுக்கு முன் வரை ஒரு கட்டம், 31,000 முதல் 28,000 வரை மற்றொன்று. நடுவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் வந்தவர்களின் ஓவியங்கள், நமக்குச் சங்ககாலம் எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவிலிருந்து வந்தவை.

இந்த வயதை எல்லோரும் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. கலை முதலில் கரடுமுரடாகத் தொடங்கிப் படிப்படியாக மெருகேறியது என்பது அதுவரை பாடநூல் சொன்ன வரிசை. அந்தக் கணக்குப்படி இவ்வளவு தேர்ந்த ஓவியம் லாஸ்கோ காலத்தை ஒட்டித்தான் வர வேண்டும். ஆனால் ஷோவே அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பழையது. வரிசைதான் உடைந்தது.

இப்படி உடைவது முதல் முறையும் இல்லை. 1879இல் ஸ்பெயினின் அல்தமீரா குகைக் கூரையில் காட்டெருமைகளை முதலில் பார்த்தவள் மரியா என்ற சிறுமி. அவளுடைய தந்தை சௌத்துவோலா, இவை கற்கால மனிதரின் ஓவியங்கள் என்று எழுதினார். அறிஞர் உலகம் அவரை எள்ளி நகையாடியது. பழி நீங்காமலே 1888இல் இறந்துபோனார். எதிர்த்தவர்களில் முக்கியமானவரான எமில் கார்த்தயாக், தான் தவறிழைத்ததாக 1902இல் எழுதி வெளியிட்டார். கற்கால மனிதரால் இவ்வளவு அழகாக வரைய முடியாது என்ற முன்முடிவுதான் அவர்களின் கண்ணை மறைத்தது.

இன்னொரு திருத்தம். படம் எடுத்த காலத்தில் ஷோவேதான் அறியப்பட்டவற்றில் மிகப் பழைய ஓவியம் என்று சொல்ல இடமிருந்தது. இப்போது இல்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு சுண்ணாம்புக் குகைச் சுவரிலுள்ள காட்டுப்பன்றிக் காட்சிக்குக் குறைந்தது 51,200 வயது என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஓவியம் ஐரோப்பாவில்தான் பிறந்தது என்ற பேச்சை இனி யாரும் எடுக்க முடியாது. இதனால் ஷோவேயின் பெருமை குறையப் போவதும் இல்லை. ஓவியத்தின் தரத்துக்கு வயதுச் சான்றிதழ் தேவையில்லை.

தள்ளி வைத்துப் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. படத்தின் முடிவுரையாக வெள்ளை முதலைகளைக் காட்டுவார் ஹெர்சாக். குகைக்குச் சற்றுத் தொலைவிலுள்ள அணுமின் நிலையத்தின் வெந்நீர், அதனால் செழித்த முதலைப் பண்ணை, அதில் நிறம் மாறிப்போன பிராணிகள் என்று அவர் குரல் சொல்லும். வெப்பமண்டலப் பிராணிகளுக்கான அந்த இடம் உண்மை. நிறமின்மை இயற்கையிலேயே வரும் பிறவிக் குறைபாடு. அணு உலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெறும் தகவலைத் தாண்டிய உண்மைக்காகக் கற்பனை செய்யலாம் என்பது ஹெர்சாக்கின் கொள்கை. அதை வெளிப்படையாகவே சொல்லி வந்திருக்கிறார். அவருடைய மற்ற படங்களில் அந்தக் கொள்கை பலன் தந்திருக்கிறது. இந்தப் படத்தில் எனக்கு அது உடன்பாடில்லை. ஒன்றரை மணி நேரம் உண்மையே நம்மை வாயடைக்க வைத்த பிறகு, புனைவை வரவழைக்க வேண்டிய தேவை அங்கே இல்லை.

அளந்த பிறகு மிஞ்சுவது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். லேசர் கதிரால் குகையின் ஒவ்வொரு புள்ளியையும் அளந்து கணினியில் முழு வரைபடம் தயாரித்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான புள்ளிகள். இதைக் காட்டும்போது ஹெர்சாக் ஒரு கேள்வி கேட்கிறார். மன்ஹாட்டன் நகரவாசிகளின் தொலைபேசி எண் எல்லாம் அடங்கிய ஏடு நம்மிடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் இரவில் என்ன கனவு கண்டார்கள், எதற்கு அழுதார்கள் என்று அந்த ஏட்டில் இருக்குமா? படத்தில் வரும் இளம் தொல்லியலாளர் ஷூலியன் மோனே, முன்பு சர்க்கஸில் வேலை பார்த்தவர். குகைக்குள் தொடர்ந்து ஐந்து நாள் போனதில், இரவுகளில் சிங்கங்கள் கனவில் வரத் தொடங்கின. சிறிது காலம் உள்ளே போகாமல் இருந்துவிட்டேன் என்கிறார். அளக்கும் வேலையில் இருக்கிறவரே இதைச் சொல்கிறார்.

படம் முழுக்க இப்படி விடை கிடைத்த கேள்விகளுக்குப் பக்கத்தில் விடை கிடைக்காத கேள்விகள் நிற்கின்றன. ஒரு பாறைமேடையின் மீது கரடி மண்டையோடு ஒன்று இருக்கிறது. யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது உறுதி. வழிபாடா? விளையாட்டா? உறுதியில்லை. மென்மையான தரையில் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும் ஒரு குழந்தையின் காலடித் தடங்கள். அருகில் ஓநாயின் தடம். பசித்த ஓநாய் பின்தொடர்ந்ததா? இரண்டும் தோழமையாக நடந்தனவா? இரண்டு தடங்களுக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்குமா? ஹெர்சாக் மூன்றையும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார். நல்ல ஆவணப்படத்தின் நேர்மை அந்த நிறுத்தத்தில் இருக்கிறது. தடம் எவ்வளவு ஆழம், எந்தத் திசை, எவ்வளவு உயரமுள்ள குழந்தை என்று அளந்தவர்களால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது. அளக்காமல் வியந்தால் அது வாய்பிளப்பு. அளந்துவிட்டோம், வேலை முடிந்தது என்று போனால் அது கணக்குப்பிள்ளைத்தனம். படம் இரண்டுக்கும் நடுவே நடக்கிறது. அதனால்தான் அதை இங்கே திரையிடத் தேர்ந்தெடுத்தோம்.

நான் கேட்டுக்கொள்வது இரண்டு. முதலைகள் வரும் முடிவுரைக்கு முந்தைய பகுதியில் யாரும் பேசமாட்டார்கள். எர்ன்ஸ்ட் ரெய்ஸிகரின் செல்லோ இசையும் சுவரும் மட்டும் நீண்ட நேரம் இருக்கும். கைபேசியை எடுக்காமல் அந்த நிமிடங்களைச் சுவருக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, ஆதிமனிதன் என்று சொல்லும்போது நம் குரலில் ஓர் ஏளனம் கலந்துவிடுகிறது. அறிவில் நமக்குக் குறைந்தவர்கள், நாம் ஏறிவந்த படிக்கட்டின் கீழ்ப்படி என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு யாராவது வந்திருந்தால், போகும்போது அதை இந்த அரங்கிலேயே விட்டுவிட்டுப் போங்கள். குதிரையைக் கனைக்க வைத்தவர்கள் எந்தப் படியிலும் நமக்குக் கீழே நிற்கவில்லை.